இரண்டு விரல் இடுக்கு

லோகநாதன் காரின் எஞ்சின் இடுக்குக்குள் போனது ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கு. மணி எப்படித் தெரியும் என்றால், பம்ப்செட் கம்பெனியில் சாப்பாட்டுச் சங்கு அப்போதுதான் ஊதியது. அங்கே மோட்டாருக்குக் காயில் சுற்றும் வேலை பார்க்கிற அவன் மனைவி சுகந்தி டிபன் கேரியரோடு வொர்க் ஷாப் வாசலில் வந்து நின்றாள், அதே நேரத்தில் அவன் தோள் உள்ளே போய்விட்டது.

ஆவாரம்பாளையத்துக்குப் பின்பக்கம் இருக்கிற எங்கள் சந்து பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இரும்பு கடைகிற லேத்து எட்டு, நாலு மோட்டார் ரீவைண்டிங் கடை, ஒரு வெல்டிங் பட்டறை, கடைசியில் லோகநாதனும் ஜாபரும் கூட்டாக நடத்திய கார் வொர்க் ஷாப். மூன்றாவது லேத்து என்னுடையது. இங்கே யாரும் எதைப் பார்த்தும் வாயைப் பிளக்க மாட்டோம், அதற்கு நேரம் கிடையாது. வார்ப்படம் வெடித்தாலும் விரல் போனாலும் முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அப்புறம்தான் ஐயோ என்போம்.

அந்தக் கார் லோகநாதனுடையது. இருபது வருஷத்துப் பழைய சின்னக் கார், சாம்பல் நிறம், பின்சீட்டில் நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் மடியில்தான். அதில் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளி வேகம் கூட்டுகிற டர்போ போட்டு, ஊருக்கு வெளியே இருக்கிற ரேஸ் டிராக்கில் பெரிய பெரிய வண்டிகளை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முந்திக் காட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. மூன்று வருஷம் அதிலேயே கிடந்து எல்லாவற்றையும் பொருத்திவிட்டான். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, ரிட்டன் லைன்.

டர்போவுக்குள் போகிற எண்ணெயைப் பம்ப் தள்ளிக்கொண்டு போகும். வேலை முடித்து வெளியே வருகிற எண்ணெயை யாரும் தள்ள மாட்டார்கள். அது தன் எடையில் தானே இறங்கி, எஞ்சினுக்கு அடியில் இருக்கிற எண்ணெய்த் தொட்டியான சம்பில் போய் விழ வேண்டும். அதற்கு ஒரு ஹோஸ், நீளம் ஒன்றரைச் சாண் போதும். ஆனால் வழி நெடுகச் சரிவாகவே இறங்க வேண்டும், ஒரு விரக்கடை மேடு வந்தாலும் எண்ணெய் அங்கேயே நின்று, பின்னால் ஏறி, டர்போவே புகைந்து நாசமாகிவிடும். இறங்குவதற்கு அந்தக் காரில் இருந்த ஒரே இடம், புகை வெளியேறிப் பழுக்கக் காய்கிற மேனிஃபோல்டு குழாய்க்கும் சுற்றிக்கொண்டே இருக்கிற ஸ்டியரிங் ராடுக்கும் நடுவில் இரண்டு விரல் இடுக்கு. இந்தப் பக்கம் தொட்டால் ஹோஸ் எரியும், அந்தப் பக்கம் தொட்டால் அறுபடும்.

"டர்போவ நாலு இஞ்சு தூக்கி வெய்யி லோகு. பானெட்ல ஒரு ஓட்டையப் போட்டுக்கலாம், வேலை முடிஞ்சுது" என்று ஜாபர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பானெட்ல ஓட்டை போட்டா எவனும் கண்டுபுடிச்சுருவான் ஜாபரு. வெளிய பாத்தா மார்க்கெட்டுக்குக் கத்திரிக்கா வாங்கப் போற வண்டியாட்ட இருக்கோணும். எடம் இருக்குது. நமக்குத்தான் இன்னும் தெரியல."

இடம் இருக்குது என்பது அவன் வாய்ப்பாடு. பஸ்ஸில் நின்றாலும் அதையேதான் சொல்வான். பிடிவாதக்காரன் என்று நாங்கள் திட்டியிருக்கிறோம், ஆனால் அவன் சொன்ன இடத்தில் எல்லாம் கடைசியில் இடம் இருந்துதான் தொலைத்திருக்கிறது.

அன்றைக்கு ஹோஸின் ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு இடுக்குக்குள் விரலை விட்டான். விரல் போயிற்று, மணிக்கட்டு போயிற்று, முழங்கை போயிற்று. மறுமுனையைப் பிடித்திருந்த ஜாபர், இவன் கை இவ்வளவு ஒல்லியா என்று நினைத்ததாகப் பின்னால் சொன்னார். தோள் போனபோது அவன் "ஆங், இங்கதான்" என்றான். தலையைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டான், அதுவும் போயிற்று, இடுப்பும் போயிற்று. அப்போதுதான் சுகந்தி கேரியரைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அவன் கணுக்காலைப் பிடித்தாள். உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது, "விடு, கெடச்சுருச்சு." வேலை செய்கிறவனின் காலைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பது எங்கள் சந்தில் எல்லாருக்கும் தெரியும். அவள் விட்டுவிட்டாள்.

இரண்டு செருப்பும் தரையில் கிடந்தன. ஹோஸ் மட்டும் ஜாபர் கையிலிருந்து மெதுவாக, நிதானமாக, உள்ளே போய்க்கொண்டிருந்தது.

வண்டியைப் பிரித்துவிடலாம் என்றுதான் முதலில் எல்லாரும் சொன்னோம். வெல்டிங் மயில்சாமி கட்டரையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். ஜாபர் குறுக்கே நின்றார். "இடுக்குங்கறது ஒரு சாமான் இல்லய்யா, கழட்டி வெளிய வெக்க. ரெண்டு சாமான் ரெண்டு பக்கமும் நிக்கறதுனால நடுவுல இருக்கறது. மேனிஃபோல்ட எடுத்துட்டா இடுக்கு எங்க இருக்கும்? அவன் எங்க இருப்பான்?" மயில்சாமி கட்டரைக் கீழே வைத்தான். அன்றிலிருந்து அந்தக் காரில் ஒரு போல்ட்டைக்கூட யாரும் தொடவில்லை, தூசி தட்டுவதற்கும் இறகு விளக்குமாறுதான்.

முதல் ஹோஸ் அரை மணி நேரத்தில் தீரப் பார்த்தது. ஜாபர் இன்னொன்றை வைத்து இணைத்தார், அதுவும் போயிற்று, சாயங்காலத்துக்குள் மூன்று மீட்டர். மறுநாளிலிருந்து சந்தே ஹோஸ் தேடக் கிளம்பியது. லாரி பட்டறையிலிருந்தும் ஜெனரேட்டர் கடையிலிருந்தும், மில்லில் ஸ்கிராப் போட்ட மெஷினிலிருந்தும் கொண்டுவந்தோம். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற பச்சை டியூபை ஒருவன் கொண்டுவந்தபோது ஜாபர் வாங்க மறுத்துவிட்டார். உள்ளே ஆள் இருக்கட்டும் இல்லாமல் போகட்டும், சூடு தாங்காத ஹோஸை ரிட்டன் லைனுக்குப் போடுவது தப்பு என்றார். இணைப்பதற்குப் பித்தளை ஜாயிண்ட் நான் கடைந்து கொடுத்தேன். ஒருமுறை அவசரத்தில் ஒன்று அரை மில்லி பருமனாகிவிட்டது. இடுக்கு வரைக்கும் போன ஹோஸ் நின்றது, பிறகு விருட்டென்று ஒரு சாண் வெளியே தள்ளப்பட்டது. லோகநாதன் திட்டுகிறான் என்று சந்தே கூடிச் சிரித்தது. சுகந்தி சிரித்துக்கொண்டே அழுதாள். நான் ஓடிப்போய் அரை மில்லி கழித்துக் கொண்டுவந்தேன், உடனே வாங்கிக்கொண்டான்.

அப்படியாக எங்களுக்கு அவன் பழக்கவழக்கம் பிடிபட்டது. காலையில் ஒன்பதரைக்கு ஹோஸ் அசையும். பன்னிரண்டே முக்காலுக்கு நிற்கும், ஒன்றேகாலுக்கு மறுபடி. ஞாயிற்றுக்கிழமை இழுக்க மாட்டான். ஆயுத பூஜை அன்று ஹோஸ் அசையவே இல்லை. அங்கேயும் காலண்டர் இருக்கிறதோ என்னவோ. நாங்கள் காருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரி கடலை படைத்து, பூசணிக்காய் உடைத்தோம். அந்த இரண்டு விரல் இடுக்குக்குப் பக்கத்தில் மட்டும் கற்பூரம் காட்ட வேண்டாம், ஹோஸ் சூடாகிவிடும் என்று ஜாபர் சொன்னார்.

முறை போட்டுக்கொண்டோம். ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல், அதில் அச்சடித்த வெள்ளைக் கோடு எப்போதும் மேல்பக்கம் பார்த்திருக்கும்படி ஒரு ஆள் பிடித்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். காலை ஷிப்ட் லேத்துக்காரர்கள், மத்தியான ஷிப்ட் ரீவைண்டிங் கடைகள், சாயங்காலம் கம்பெனி விட்டு வருகிற பெண்கள். கல்யாணம் நிச்சயமான பெண்கள் வந்து ஐந்து நிமிஷம் ஹோஸைப் பிடித்துவிட்டுப் போனார்கள், ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சிலர் ஹோஸின் வாயில் தங்கள் குறைகளைச் சொல்லிவிட்டு, ஒரு இழுப்பு இழுத்தால் ஆமாம், இரண்டு இழுத்தால் இல்லை என்று கணக்கு வைத்துக்கொண்டார்கள். வீட்டு வாஸ்துவை எல்லாம் கேட்க ஆரம்பித்ததும் ஜாபர் எல்லாரையும் விரட்டிவிட்டார், "வேலை செய்யறவன்கிட்ட ஏன்யா வாய் குடுக்கறீங்க?"

சுகந்தியை மட்டும் அவர் தடுக்கவில்லை. வேலைக்குப் போகும்முன் பத்து நிமிஷம் அவள் ஹோஸில் பேசுவாள். நாங்கள் தள்ளி நின்றாலும் காதில் விழும். கேஸ் தீர்ந்துபோனது, மழையில் சுவர் ஊறியது, அவன் அக்கா வந்துவிட்டுப் போனது. கடைசியில் ஒன்றைத்தான் எப்போதும் சொல்வாள், "முடியலைன்னா விட்டுட்டு வந்துருங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." பிறகு ஹோஸைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பாள். பதில் எதுவும் வந்ததில்லை.

போலீஸும் வந்தது. அவன் அக்கா கொடுத்த புகாரை எடுத்துக்கொண்டு வந்த இன்ஸ்பெக்டர் ஒரு மணி நேரம் நின்று ஹோஸ் உள்ளே போவதைப் பார்த்தார். "ஆளு எங்க இருக்காருன்னு தெரியுது. உசுரோட இருக்காருங்கறீங்க. வேலையும் பாக்கறாரு. இதுல காணாமப் போனவர்னு நான் எப்படிய்யா எழுதறது?" என்றார். போகும்போது தன் ஜீப்பில் ஆயில் கசிவதை ஜாபரிடம் காட்டிவிட்டுத்தான் போனார். ரேஷன் கார்டில் பெயர் அப்படியே இருந்தது. மயில்சாமி மகளுக்குக் காது குத்தியபோது பத்திரிகையில் திரு. லோகநாதன், திருமதி. சுகந்தி என்று சேர்த்தே எழுதிக் கொடுத்தார்கள். அவள் மட்டும் போய், இரண்டு பேர் மொய்யையும் வைத்துவிட்டு, சாப்பிடாமல் வந்துவிட்டாள்.

நான் மறைக்க விரும்பவில்லை, எங்களுக்குச் சலித்துவிட்டது. மார்கழி வரைக்கும் முறை ஒழுங்காக நடந்தது. தை பிறந்ததும் ஆர்டர் நெருக்கடி, ஒருவனுக்கு ஜுரம், ஒருவன் சபரிமலை. ஹோஸ் தானாக ஓடட்டும் என்று ஒரு ஸ்டாண்டு அடித்து, இரண்டு பக்கமும் பேரிங் வைத்து உருளை மாட்டினோம். நல்ல ஸ்டாண்டு, நான்தான் கடைந்தேன். அதற்குப் பிறகு ஆள் நிற்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று, அதனால் யாரும் நிற்கவில்லை. ஒரு மனிதன் இருநூற்றுச் சொச்சம் மீட்டர் தூரத்தில், ஒன்றரைச் சாண் வழியில், தனியாக ஹோஸ் போட்டுக்கொண்டிருக்கிறான். நாங்கள் டீ குடித்துக்கொண்டு வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தோம். உருளை கிரீச்சிட்டால் ஒரு சொட்டு எண்ணெய் விடுவோம். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

சுகந்தி மட்டும் இடத்தை மாற்றிக்கொண்டாள். கம்பெனியில் அரை நாள் வேலை கேட்டு வாங்கி, காருக்கு அடியில் இருக்கிற குழிக்குள் இறங்கி, ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து பார்த்தால் சம்பின் பக்கவாட்டில் லோகநாதன் வெல்டு வைத்திருந்த சின்னக் குழாய்மூக்கு தெரியும். ஹோஸ் வந்து சேர வேண்டிய இடம் அதுதான். எப்படிப் போனாலும் கடைசியில் இங்கேதானே வர வேண்டும் என்றாள். அது நியாயமாகத்தான் பட்டது.

பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை, பதினோரு மணி இருக்கும். குழிக்குள்ளிருந்து "ஜாபர்ண்ணா! வந்துருச்சுங்ணா!" என்று அவள் கத்தியது என் லேத்து வரைக்கும் கேட்டது. நான் மோட்டாரை அணைத்துவிட்டு ஓடினேன்.

மேலேயிருந்து, எங்கும் மோதாமல், ஹோஸின் முனை இறங்கி வந்து குழாய்மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தது. அதன் மேல், ஹோஸைக் கவ்விப் பிடிக்கிற வளையமான கிளாம்ப் ஒன்று தானாக இறுகிக்கொண்டிருந்தது. ஸ்குரூடிரைவரும் தெரியவில்லை, கையும் தெரியவில்லை. அரைச் சுற்று, கால் சுற்று, கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு அரைக்கால் சுற்று. அது லோகநாதன் பழக்கம், அந்தக் கடைசி அரைக்காலை வைக்காமல் அவன் எந்த கிளாம்ப்பையும் விட்டதில்லை. சுகந்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே ஸ்டாண்டில் உருளை நின்றுவிட்டது.

சந்து முழுக்க வந்துவிட்டது. மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் முதல் வரிசையில் நின்றார்கள். மயில்சாமி மாலை வாங்க ஆள் அனுப்பினான். யாரோ ஜாங்கிரிப் பெட்டியைத் திறந்துவிட்டார்கள். கம்பெனிப் பெண்கள் சுகந்தியின் தலையில் பூவை வைத்து, அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் நடந்ததை நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான் செய்தோம். கீழ்முனை மாட்டியாகிவிட்டது, மேல்முனை ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நாற்பது வருஷமாக ஸ்பேனர் பிடிக்கிற எவனும் என்ன செய்வானோ அதையே ஜாபரும் செய்தார். மிச்ச ஹோஸை அளந்து வெட்டினார், முனையைத் துணியால் துடைத்தார், டர்போவின் அடியில் மாட்டினார், கிளாம்ப்பை இறுக்கினார். கை தெரிவதற்கு டார்ச் அடித்தவள் சுகந்தி. ஸ்குரூடிரைவரை எடுத்துக் கொடுத்தவன் நான். ஜாபர் நிமிர்ந்து "லைன் முடிஞ்சுது" என்றார், நாங்கள் கை தட்டினோம்.

பிறகு காத்திருந்தோம். பன்னிரண்டே முக்காலுக்குச் சங்கு ஊதியது. ஒன்றேகால் ஆயிற்று. மாலை வாடியது, ஜாங்கிரியில் எறும்பு வந்தது. எந்த வழியாக அவன் வருவான் என்று எல்லாரும் பானெட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த இடுக்கில் ஹோஸ் இப்போது உட்கார்ந்திருந்தது. நிறைவாக, அளவாக, அதற்கென்றே செய்த இடத்தில் உட்கார்ந்திருந்தது.

முதலில் கேட்டவள் சுகந்திதான். குரல் உயரவே இல்லை.

"ஜாபர்ண்ணா, இனி அவரு எப்படிங்ணா வருவாரு?"

ஜாபர் குழிக்குள் இறங்கினார். டார்ச் அடித்துக் கீழ் கிளாம்ப்பைப் பார்த்தார். வெகுநேரம் ஏறி வரவில்லை. ஏறி வந்து பார்த்ததைச் சொன்னார். கிளாம்ப்பின் ஸ்குரூத் தலை நம் பக்கம் இல்லை, உள்பக்கம் பார்த்து, எஞ்சினோடு ஒட்டி இருந்தது. எந்தக் கையும் எந்த ஸ்குரூடிரைவரும் போக முடியாத பக்கம். உள்ளே நின்று உள்ளேயிருந்தே இறுக்கியிருக்கிறான். வேலையில் முழுக் கவனம், அதனால் தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை அவன் பார்க்கவில்லை. நாங்களும் பார்க்கவில்லை. கீழ்வாசலை அவன் அடைத்தான், மேல்வாசலை நாங்கள் அடைத்தோம்.

"எல்லாத்தையும் கழட்டுங்க" என்றாள் சுகந்தி.

"அம்மா, நான் அன்னைக்கே சொன்னேன். கழட்டுனா இடுக்கே..."

"இப்ப மட்டும் இருக்குதுங்களா?"

ஜாபர் ஸ்பேனரை எடுத்தார். ஏழு மாதத்தில் முதல்முறையாக அந்தக் காரில் ஒரு போல்ட் கழன்றது. ஸ்டியரிங் ராடைக் கழற்றி வைத்தோம். டர்போவை மயில்சாமி தாங்கிப் பிடித்தான், மேனிஃபோல்டை நான் வாங்கித் தரையில் வைத்தேன். மூன்று மணி வெயில் எஞ்சினுக்குள் நேராக விழுந்தது.

ஒரு ஹோஸ் இருந்தது. நீளம் ஒன்றரைச் சாண்.

நாங்கள் உள்ளே விட்டது முந்நூற்று நாற்பது மீட்டர். நான் கடைந்த பித்தளை ஜாயிண்ட் நூற்றுப் பதினாறு. ஒன்றுகூட அங்கே இல்லை. மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரே ஹோஸ், இணைப்பே இல்லாமல், வெள்ளைக் கோடு மேலே பார்த்தபடி, தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் ஒரே சரிவாக இறங்கியிருந்தது. ஜாபர் மேனிஃபோல்டை மறுபடி தூக்கி அதன் இடத்தில் வைத்துப் பார்த்தார், ராடையும் வைத்துப் பார்த்தார். ஹோஸுக்கு இந்தப் பக்கமும் ஒரு நூல் இடைவெளி, அந்தப் பக்கமும் ஒரு நூல் இடைவெளி. அவருடைய நாற்பது வருஷத்தில் அப்படி ஒரு லைனை அவர் பார்த்ததில்லை. அவரையும் அறியாமல் அவர் வாயில் வந்துவிட்டது.

"எங்கயுமே தொடலம்மா."

சுகந்தி அதைக் கேட்டுக்கொண்டாள். மேனிஃபோல்டையும் ராடையும் மறுபடி எடுக்கவைத்து, எல்லாரையும் நகரச் சொன்னாள். வளையலைக் கழற்றி என் கையில் கொடுத்தாள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். மேனிஃபோல்டும் ராடும் இருந்த இடத்துக்கு நடுவில், ஹோஸை ஒட்டினாற்போல், விரலை விட்டாள். விரல் போயிற்று, மணிக்கட்டு போயிற்று. முழங்கையும் போகப்போகிறது என்றுதான் நான் நினைத்தேன். யாருமே அவளைத் தடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அவள் கையை இன்னும் உள்ளே நீட்டினாள்.

எஞ்சினுக்கு அந்தப் பக்கம், சக்கரத்தின் மேலே, அவள் விரல்கள் வெளியே வந்தன.

ஐந்து விரலும் வெயிலில் நீண்டு, எதையோ தேடி, திறந்து மூடின. அந்தப் பக்கம் நாங்கள்தான் நின்றிருந்தோம்.